ஐசோப்ரீன் இல்லாத செம்பனை

1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மலேசியாவின் ஜெஞ்சாரோமை அடுத்து, எண்ணெய்க்காக நட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில் எடுத்த காற்று மாதிரிகளைச் சந்திரகலா காஜாங்கில் இருந்த ஆய்வு நிலையத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாதிரியையும் இயந்திரத்துக்குள் செலுத்தியதும் தாளில் கூரான ஒரு மேடு எழும்பும். ஒரு மாதிரியில் மட்டும் மேடு இல்லை. கோடு தட்டையாகவே ஓடி முடிந்தது.

சிரிஞ்சு கசிந்திருக்கும் என்று நினைத்தாள். மறுநாளே திரும்பப் போய், அதே மரத்தில் ஏணி வைத்து ஏறி, இலையைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடி, அதற்குள்ளிருந்த காற்றை எடுத்து வந்தாள். மறுபடியும் தட்டைக் கோடு. பக்கத்து மரங்களின் காற்றில் மேடு வந்தது. சிரிஞ்சை மாற்றினாள், இலையை மாற்றினாள், உச்சி வெயிலில் எடுத்துப் பார்த்தாள். ஏப்ரல் முடிவதற்குள் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. மூன்றாவது புளோக்கில் வேலியோரமாக நின்ற அந்த ஒரு மரம் ஐசோப்ரீனை வெளியிடவில்லை.

ஐசோப்ரீன் என்பது வெயில் நேரத்தில் செம்பனை இலையிலிருந்து வெளியேறும் ஒரு வாயு. வெயில் ஏற ஏற அதன் அளவும் ஏறும், இருட்டினால் நின்றுவிடும். வாகனப் புகையோடு கலந்து அதன்மேல் வெயிலும் பட்டால் ஓசோன் உண்டாகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்களுக்கும் குறைவில்லை, செம்பனைக்கும் குறைவில்லை. அதனால்தான் நிலையம் இந்த ஆராய்ச்சிக்குச் சம்மதித்திருந்தது. சந்திரகலாவுக்கு வேறொரு கேள்வி இருந்தது. தென்னை, நிப்பா, கோலாலம்பூர் சாலையோரங்களில் அழகுக்கு வைத்திருந்த பனைகள் என்று பனைக் குடும்பத்து மரங்கள் பலவற்றை அவள் சோதித்திருந்தாள். பெரும்பாலானவை வாயுவை வெளியிட்டன. அப்படியானால் இந்தக் குணம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வந்ததா, இல்லை, இவை எல்லாம் கிளை பிரிவதற்கு முன்பிருந்த மூதாதை மரத்திலேயே இருந்து வழிவழியாக வந்ததா? அவளுக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. வாயுவை உண்டாக்க இலையில் ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கு ஒரு மரபணு இருக்கவேண்டும். ஆனால் செம்பனை எல்லாமே வெளியிடும்போது மரபணுவைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. வெளியிடாத மரம் ஒன்று தேவைப்பட்டது. அது இப்போது கிடைத்திருந்தது.

சந்திரகலாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தகப்பனார் சீவரத்தினம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அவர் வாங்கிய பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். கல்யாணப் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, உறவினரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மரத்தின் குறை பிறவிக்குறையா, நிலத்தாலோ நோயாலோ வந்ததா என்று தெரிய ஒரு வழி இருந்தது. அதன் மகரந்தத்தை அதன் பூவுக்கே போட்டு, வரும் கன்றுகளைச் சோதிக்க வேண்டும். கன்றுகளும் வெளியிடாவிட்டால் அது மரபணுவின் வேலை. ஆனால் செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஆண் பூ வரும்போது மகரந்தத்தை எடுத்து உலர்த்தி உறைபெட்டியில் வைத்திருந்து, பெண் பூ வரும்போது போட வேண்டும். அதற்குள் வேறு மரத்து மகரந்தம் வந்துவிடக்கூடாது.

தோட்ட மேனேஜர் ராதாகிருஷ்ணனிடம் உதவிக்கு ஆள் கேட்டாள். அவர் வீரம்மாவை அனுப்பினார்.

வீரம்மா ஐம்பதைக் கடந்த விதவை. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலேயே பிறந்தவள். எழுபதுகளில் பெண்கள் கூட்டமாகப் போய் ஒவ்வொரு செம்பனைப் பூவுக்கும் கையால் மகரந்தம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மகரந்தம் சுமக்கும் வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. பெண்களைக் களைக்கொல்லி அடிக்க மாற்றினார்கள்.

"இந்த மரத்துக்கு என்னா சீக்குங்க மேடம்?" என்று வீரம்மா முதல் நாள் கேட்டாள்.

"சீக்கு இல்லக்கா. மத்த மரமெல்லாம் வெயில்ல ஒரு வாயு விடும். இது மட்டும் விடல."

வீரம்மா சிரித்துவிட்டாள். "விடாதது நல்லதுதானே? எங்க வீட்டுக்காரரு உசிரோட இருந்தா இதுக்குப் பக்கத்துல நிப்பாட்டி, பாத்துக் கத்துக்கய்யான்னு சொல்லியிருப்பேன்."

சந்திரகலாவும் சிரித்தாள். பிறகு ரப்பர் தரும் பால்மரத்தைச் சொல்லி விளக்கினாள். இதே வாயுவின் துணுக்குகளைச் சங்கிலியாகக் கோத்தால் அதுதான் ரப்பர். பால்மரம் அதைக் கட்டியாக வைத்துக்கொள்கிறது, செம்பனை காற்றில் விட்டுவிடுகிறது.

"எங்கம்மா இங்க பால் வெட்டுனவங்க," என்றாள் வீரம்மா. "அந்த மரத்தையெல்லாம் சாச்சிட்டுத்தான் இத நட்டாங்க. எதுக்குங்க மரம் அதச் சும்மா காத்துல விடணும்?"

"வெயில் சூட்டத் தாங்கறதுக்குன்னு சிலர் சொல்றாங்க. சரியாத் தெரியல."

"இது மட்டும் எப்பிடித் தாங்குது?"

"அதையும் பாக்கணும்."

ஆகஸ்டில் ஆண் பூ வந்தது. பை கட்டி, மகரந்தத்தைச் சேகரித்து, காஜாங் உறைபெட்டியில் வைத்தார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மரம் ஆண் பூவாகவே விட்டது. வீரம்மா வாரம் ஒருமுறை ஏணியில் ஏறிப் பார்த்து, தோட்ட ஆபீஸ் போனில் "இன்னும் இல்லைங்க" என்று சொல்வாள்.

அந்த ஆண்டுக் கடைசியில் தோட்டம் விற்கப்பட்ட செய்தி வந்தது. வீடமைப்புக்காக யாரோ வாங்கியிருந்தார்கள். லயத்துக் குடும்பங்கள் இடத்தைக் காலி செய்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கம்பெனி சொன்னது. மாற்று வீடு கொடுத்தால்தான் போவோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆண்கள் சிலர் பயந்து கையெழுத்திட்டார்கள். பெண்கள் போடவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றவள் வீரம்மா.

மார்ச்சில் பெண் பூ வந்தது. பாளை விரிவதற்கு முன்பே வீரம்மா அதைத் துணிப்பையால் மூடி, வண்டு நுழையாதபடி காம்பைச் சுற்றிப் பூச்சிமருந்துப் பஞ்சை வைத்து இறுக்கினாள். பூ பருவத்துக்கு வந்த காலையில் சந்திரகலா ஐஸ் பெட்டியில் மகரந்தத்தோடு வந்தாள். பையில் சின்னத் துளையிட்டு, பவுடரோடு கலந்த மகரந்தத்தை உள்ளே ஊதி, துளையை ஒட்டி மூடினார்கள். கீழே இறங்கியதும் வீரம்மா தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.

"அதே வாசனை," என்றாள். "சோம்பு மாதிரி. எத்தன வருசம் ஆச்சி!"

குலை முற்ற ஐந்தாறு மாதம் ஆகும். செப்டம்பர் என்று சந்திரகலா கணக்கிட்டாள். ஜூனில் கனரக இயந்திரங்கள் வந்து ஆற்றோரத்தில் மரங்களைச் சாய்க்கத் தொடங்கின.

ஜூலை முதல் வாரத்தில் ராதாகிருஷ்ணன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"டாக்டர், பிளான்படி அடுத்தது மூணாவது புளோக். புது ரோடு அந்தப் பக்கமாத்தான் வருது."

"செப்டம்பர் வரைக்கும் தள்ள முடியாதா?"

"நான் பேசினா கான்ட்ராக்டர் அத கடைசியில வெச்சிக்குவான். ஆனா எனக்கும் மேல சொல்றதுக்கு ஏதாச்சும் வேணும்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "லயத்துல பாதிப் பேரு இன்னும் சைன் பண்ணல. வீரம்மா பண்ணா மத்த பொம்பளைங்களும் பண்ணிடுவாங்க. நீங்க சொன்னா அந்தம்மா கேக்கும்."

"நான் என்ன சொல்லணும்?"

"வீடு பின்னால கண்டிப்பாக் குடுப்பாங்கன்னு."

"குடுப்பாங்களா?"

"எழுத்துல ஒண்ணும் இல்ல," என்றார். அதை அவர் மறைக்கவில்லை. "எனக்கும் ஆகஸ்ட்டோட வேலை முடியுது டாக்டர். இங்க இருக்கிற யாருக்கும் எழுத்துல ஒண்ணும் இல்ல."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். நிலையத் தலைவர் யோகநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளுடைய தகப்பனாரின் தூரத்து உறவு; அவளை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். இருவரும் தங்களுக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லுறதில என்ன இருக்கு சந்திரா?" என்றார். "அந்தச் சனம் எப்பிடியும் போகத்தானே வேணும். மரம் போனால் இன்னொண்டு கிடைக்குமே?"

"எனக்குத் தெரியேல்ல," என்றாள்.

அவர் சொன்னதில் தவறு இருப்பதாக முதலில் அவளுக்குத் தோன்றவில்லை. லயத்து மக்கள் வெல்லப்போவதில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோவிலுக்குப் போய் பூசை முடியும்வரை நின்றாள். வீரம்மாவிடம் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வாக்கியங்களை அமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி அமைத்தாலும் 'கண்டிப்பா' என்ற சொல் வரும் இடத்தில் வாக்கியம் நின்றுபோனது.

திங்கட்கிழமை மதியம் லயத்துக்குப் போனாள். வீரம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்திரகலா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மேனேஜர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். எழுத்தில் எதுவும் இல்லை என்பதையும் சொன்னாள்.

வீரம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் சைன் பண்ணா மரம் நிக்கும்."

"செப்டம்பர் வரைக்கும் நிக்கும்."

"பண்ணலைன்னா?"

"அடுத்த வாரம் மெசின் வரும்."

"அந்த மரம் அவ்வளவு முக்கியமா மேடம்?"

"எனக்கு முக்கியம்தான். இது மாதிரி இன்னொண்ணு எங்கயாச்சும் இருக்கலாம். என் காலத்துல நான் அதப் பாப்பேனான்னு தெரியாது."

வீரம்மா அவளையே பார்த்தாள். "சரி. நீங்க என்னா சொல்றீங்க? சைன் பண்ணட்டுமா?"

வீரம்மா தானாகவே 'உங்களுக்காகப் போடுறேன்' என்று சொல்லிவிடுவாள் என்ற எதிர்பார்ப்போடுதான் தான் வந்திருக்கிறோம் என்பது அந்த நொடியில் சந்திரகலாவுக்குத் தெரிந்தது.

"பண்ணாதீங்கக்கா," என்றாள். "எழுதிக் குடுக்காதத நம்பி வீட்ட விட்டுடாதீங்க."

வீரம்மா மறுபடியும் கத்தியை எடுத்தாள். "நீங்க பண்ணுன்னு சொல்லியிருந்தாலும் நான் பண்ணியிருக்க மாட்டேன். இருந்தாலும் என்னா சொல்றீங்கன்னு பாத்தேன்."

பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க ஆளுங்க மெசின அந்த மரத்துக்கிட்ட மறிச்சி நிக்க முடியுமா?" என்று சந்திரகலா கேட்டாள்.

"முடியாதுங்க. லயத்துக்கும் தோட்டத்துக் கோயிலுக்கும் நிக்கறதுக்கே ஆளு பத்தல. மரத்துக்காக நில்லுன்னா எவனும் வரமாட்டான். நானும் கூப்பிட மாட்டேன்."

"சரி."

"கோவமா?"

"இல்லக்கா. நீங்க சொல்றது சரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "காயா இருக்கும்போதே குலைய எடுத்துடலாம். உள்ள இருக்கிற கருவ எடுத்து லேப்ல கண்ணாடிக் குழாயில வெச்சி வளக்கலாம். எல்லாம் வராது. கொஞ்சம் வரும்."

"அப்ப வெட்டிடுவோம்," என்றாள் வீரம்மா. "ஆனா கடைசி நாளு வரைக்கும் விட்டு வைங்க. ஒவ்வொரு நாளும் காய்க்கு நல்லதுதானே."

அன்று மாலையே சந்திரகலா ராதாகிருஷ்ணனிடம் போய்த் தன்னால் முடியாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. மெசின் எப்போது வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்வதாக ஒப்புக்கொண்டார். சொன்னபடி சொல்லவும் செய்தார்.

அந்தக் காலையில் அவர்கள் போனபோது இயந்திரம் ஏற்கெனவே பக்கத்து வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தது. ஓட்டியவர் வயதான ஒரு சீனர். வீரம்மா கையை ஆட்டி அவரை நிறுத்தி, ஏணியையும் மரத்தையும் காட்டி மலாயில் ஏதோ சொன்னாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். "செப்பாட் சிக்கிட் லா, காகாக்," சீக்கிரம் முடியுங்கள் அக்கா என்று சொல்லி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு குந்தினார்.

வீரம்மா ஏறினாள். மட்டையின் முள் முன்கையைக் கீறியது. குலையைச் சாக்கில் கட்டி, காம்பை அறுத்துக் கயிற்றில் இறக்கினாள். சந்திரகலா கீழே நின்று வாங்கினாள். கனம் தாங்காமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இலைகளை வெட்டி ஐஸ் பெட்டியில் அடைத்தார்கள். சீனர் சிகரெட்டை நசுக்கிவிட்டு இயந்திரத்தில் ஏறினார். மரம் சாய அதிக நேரம் பிடிக்கவில்லை. சாய்ந்த மரத்திலிருந்து குருத்தையும் வெட்டி எடுத்துக்கொள்ள அவர் அனுமதித்தார்.

குலையைக் காரின் முன் சீட்டில் வைத்துக்கொண்டு சந்திரகலா காஜாங்குக்கு ஓட்டினாள். சாக்கிலிருந்து எறும்புகள் ஊர்ந்து அவள் கையில் ஏறின. வழியெல்லாம் எதையும் நினைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. நிலையத்துக்குப் போய்க் குலையை இறக்கி வைத்த பிறகு, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து காய்களை உரிக்கத் தொடங்கினாள்.

குருத்திலிருந்து வளர்க்க முயன்றது பூஞ்சை பிடித்து வீணானது. கருக்களில் பாதிக்குமேல் கறுத்துப்போயின. மிச்சமிருந்தவற்றில் சில முளைவிட்டு, நின்று, வாடின. கடைசியில் ஏழு கன்றுகள் தேறின. 1996இன் நடுவில் அவற்றின் இலைகள் சோதிக்கத் தகுந்த அளவுக்கு விரிந்தன.

ஆறு கன்றுகளில் வாயு இல்லை. கோடு தட்டையாகவே போனது. ஏழாவதில் மேடு எழுந்தது, சாதாரணச் செம்பனையில் எழுவதுபோல.

அவள் பலமுறை சோதித்தாள். முடிவு மாறவில்லை. எவ்வளவு இறுக்கியும் பைக்குள் ஒரு வண்டு நுழைந்திருக்கலாம். அது வேறு மரத்து மகரந்தத்தைச் சுமந்து வந்திருக்கலாம். ஆறு கன்றுகள் தாய்மரத்தின் குறையைப் பெற்றிருந்தன; ஆகவே அது மரபணுவில் உள்ள குறை என்று அவளுக்கு உறுதிப்பட்டது. பனைக் குடும்பம் நெடுங்காலமாக வைத்திருந்த ஒன்றை அந்த ஒரு மரம் இழந்திருந்தது. இவ்வளவையும், ஏழாவது கன்றையும் சேர்த்து, கட்டுரையாக எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். ஒரே மரம், ஏழே கன்று, போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று யோகநாதனிடம் சொன்னாள்.

அடுத்த ஆண்டு புகைமூட்டம் வந்தது. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை மாதக்கணக்கில் நகரத்தை மூடியது. வெயில் மங்கியதால் எல்லாக் கன்றுகளின் கணக்கும் குழம்பியது. புகை விலகிய பிறகு, வாயு இல்லாத கன்றுகள் உச்சி வெயிலில் சாதாரணச் செம்பனைக் கன்றுகளைவிட வாடுகின்றனவா என்று பார்க்கத் தொடங்கினாள். வாடுவதுபோலச் சில நாள் தோன்றியது. சில நாள் தோன்றவில்லை.

லயத்துக்காரர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். நடுவில் கம்பெனி தண்ணீரை வெட்டியது, கரண்டை வெட்டியது. சிலர் மனம் தளர்ந்து போய்விட்டார்கள். நின்றவர்களுக்கு 1998இல் கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீடு கிடைத்தது. முதலில் கேட்டது தரை வீடு. கிடைத்தது நான்காவது மாடி. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு எதுவும் இல்லை.

பால் காய்ச்சுவதற்கு வீரம்மா சந்திரகலாவைக் கூப்பிட்டிருந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. சந்திரகலா படியேறிப் போனாள். இரண்டு அறைதான், ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் துணிக்கொடிகள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு இருவரும் சமையலறையில் நின்று தேநீர் குடித்தார்கள்.

"அந்தக் கன்னுங்க எப்பிடி இருக்கு மேடம்?"

"ஆளு உயரம் வந்துடுச்சி. ஆனா காஜாங் நெலத்தையும் வித்துட்டாங்கக்கா. கன்னுங்கள கடல் தாண்டி சபாவுக்கு அனுப்புறாங்க. தாவாவ் பக்கம் ஒரு ஆராய்ச்சி ஸ்டேசன் இருக்கு."

"அங்க யாரு பாத்துக்குவா?"

"நான்தான். அடுத்த மாசம் போறேன்."

"வீடு?"

"பிரிக்பீல்ட்ஸ் வீட்ட வாடகைக்கு விட்டுட்டேன்."

வீரம்மா கிளாசைக் கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நூலாக வந்து நின்றது. "கீழ்வீட்டுக்காரங்க தொறந்தா இங்க வராது," என்று சொல்லி, வாளியிலிருந்து மொண்டு ஊற்றினாள். "சபாவுல நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

"ரொம்பக் குறைவுதான்."

"அப்ப பேச்சுத் தொணைக்கு?"

"பாக்கலாம்," என்றாள் சந்திரகலா.

வீரம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் வடையும் கேசரியும் போட்டுக் கட்டிக்கொடுத்தாள். படியிறங்கும்வரை கூடவே வருவதாகச் சொன்னாள். உங்களுக்கு முழங்கால் வலி, வேண்டாம் என்று சந்திரகலா தடுத்தும் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நான்கு மாடியும் இறங்கி வந்து, கார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு மேலே ஏறத் தொடங்கினாள்.